உயர்கல்வியில் பணித்திறன் கற்பித்தல்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

கல்வி வாழ்வுக்கா, பிழைப்புக்கா என்னும் வினா பழையது. அண்மைக் காலத்தில் அது புதிய பெயர்களைப் பூண்டு உயர்கல்வி நிறுவனங்களுக்குள் நுழைந்துள்ளது. பணித்திறன், வேலைவாய்ப்புத் திறன், மென்திறன் எனப் பலவாறு சுட்டப்பெறும் பயிற்சிகளைப் பாடத்திட்டத்தில் இடம்பெறச் செய்ய வேண்டுமென்று அரசும் தொழில்துறையும் வற்புறுத்துகின்றன. பல்கலைக்கழகங்கள் அவற்றை ஏற்று நடத்தியும் வருகின்றன. மொழி, இலக்கியம், வரலாறு முதலிய துறைகளைச் சார்ந்த ஆசிரியர் பலர் இம்மாற்றத்தைத் தயக்கத்துடன் நோக்குகின்றனர். கல்வியின் தூய்மை கெட்டுவிடும் என்பது அவர்தம் அச்சம். கற்றவன் வேலையின்றி நிற்கும்போது அத்தூய்மையால் என்ன பயன் என்பது மறுதரப்பார் வினா.

இவ்விரு தரப்பும் ஒரு கருத்தைத் தொடாமலே விடுகின்றன. பணித்திறனைக் கற்பிப்பது பல்கலைக்கழகத்தின் கடன் என்று கொண்டால், அக்கடன் யாருக்குப் பட்டது? மாணவனுக்கா, அவனைப் பணியில் அமர்த்தப்போகும் நிறுவனத்துக்கா? எதைக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது, தோல்வி நேர்ந்தால் யார் பொறுப்பு என்னும் வினாக்கள் அனைத்தும் இதற்குக் கூறும் விடையைச் சார்ந்தே அமைகின்றன. மைசூரு நகரத்தைக் களமாகக் கொண்டு இதனை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1. களம்

மைசூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கல்விக்கும் தொழிலுக்கும் உள்ள உறவின் ஒரு நூற்றாண்டு வரலாற்றை இந்நகரில் காணமுடிகிறது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விசுவேசுவரய்யா திவானாக விளங்கிய காலத்தில், 1916ஆம் ஆண்டு மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. சுதேச சமத்தானம் ஒன்றில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் இதுவே. விசுவேசுவரய்யா பொறியாளர். தொழில்வளமே நாட்டு வளம் என்னும் கொள்கையினர். அவர் திவானாக இருந்த ஆறாண்டுகளில் (1912–1918) மைசூர் வங்கியும், கன்னட சாகித்திய பரிசத்தும், பெங்களூரில் பொறியியற் கல்லூரியும் உருவாயின. மொழிவளர்ச்சியும் தொழில்வளர்ச்சியும் ஒன்றற்கொன்று பகையென அவர் கருதவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மொழியாய்வுக்கும் இந்நகர் உரியது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969ஆம் ஆண்டு இங்கு நிறுவப்பெற்றது. அதன் தென்மண்டல மொழி மையத்தில் பிற மாநில ஆசிரியர்கள் தமிழ் உள்ளிட்ட தென்மொழிகளைக் கற்கின்றனர். 2008ஆம் ஆண்டில் சென்னைக்கு மாறிய செம்மொழித் தமிழாய்வு நிறுவனத்தின் தொடக்கப் பணிகளும் இவ்வளாகத்திலேயே நிகழ்ந்தன.

இந்நகரிலேயே, பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்திரி வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 2005ஆம் ஆண்டு இன்போசிஸ் நிறுவனத்தின் பயிற்சி மையம் திறக்கப்பெற்றது. 2009ஆம் ஆண்டு அது மேலும் விரிவுபெற்றது. பல்லாயிரவர் ஒரே வேளையில் தங்கிக் கற்கும் இடம் அது. பட்டம் பெற்று வந்தோர்க்கே அங்குப் பாடங்கள் நடத்தப்பெறுகின்றன. பல்கலைக்கழகங்கள் முடித்துவிட்டதாகச் சான்றளித்த கல்வியை ஒரு நிறுவனம் தன் செலவில் மீண்டும் தொடங்குகிறது எனில், இரண்டு கல்விக்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பது தெளிவு. அதே 2005ஆம் ஆண்டில் நாஸ்காம், மெக்கின்சி ஆகியன இணைந்து வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளுள் நான்கில் ஒரு பங்கினரே பன்னாட்டு நிறுவனப் பணிக்கு உடனடித் தகுதி உடையவர் என்று மதிப்பிட்டது. அதன்பின் 'பணிக்குத் தகுதியற்ற பட்டதாரி' என்னும் தொடர் நாளிதழ்களில் நிலைபெற்றுவிட்டது.

2. தகுதியின்மை என்னும் தீர்ப்பு

இத்தொடரின் அறவியற் பொருளை 2025ஆம் ஆண்டு நிகழ்வொன்று வெளிப்படுத்தியது. 2022ஆம் ஆண்டிலேயே பணிக்குத் தெரிவு செய்யப்பெற்றும் இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்த பொறியியல் பட்டதாரிகள் பலர் 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மைசூருப் பயிற்சி மையத்தில் சேர்ந்தனர். 2025 பிப்ரவரியில், மூன்று முறை வாய்ப்பளித்தும் அடிப்படைப் பயிற்சித் தேர்வில் தேறவில்லை என்னும் காரணத்தால் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பெற்றனர். எண்ணிக்கை இதனினும் மிகுதி என்று பணியாளர் அமைப்பு ஒன்று கூறியது. இத்தேர்வுமுறை இருபதாண்டுகளாக நடைமுறையில் இருப்பது, பயிற்சியாளரின் ஒப்பந்தத்திலும் குறிக்கப்பெற்றிருப்பது என்று நிறுவனம் விளக்கியது. கர்நாடக அரசின் தொழிலாளர் துறை இது குறித்து விசாரணை மேற்கொண்டது.

சட்டப்படி எது சரி என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அறவியல் நோக்கில் ஒன்றைக் கருதவேண்டும். இவ்விளைஞர்களை மூன்று இடங்கள் அடுத்தடுத்து அளந்தன. பல்கலைக்கழகம் அளந்து பட்டம் அளித்தது. நிறுவனம் தன் தேர்வால் அளந்து பணி ஆணை அளித்தது. பயிற்சி மையம் அளந்து தகுதியில்லை என்றது. முதலிரண்டு அளவைகள் சரியெனில் மூன்றாவதற்கு விளக்கம் வேண்டும். மூன்றாவது சரியெனில் முதலிரண்டும் விடை கூறவேண்டும். ஆனால் மூன்று அளவைகளுக்கிடையே தோன்றிய முரண்பாட்டின் விலையை முழுவதும் கொடுத்தவர் அளக்கப்பட்டவர் மட்டுமே.

'தகுதியின்மை' என்னும் சொல் ஒருவரிடத்து உள்ள குறையைச் சுட்டுவது போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓர் உறவைச் சுட்டும் சொல். எதற்குத் தகுதி, யார் வகுத்த தகுதி, எக்காலத்துத் தகுதி என்று கேட்டாலன்றி அச்சொல் பொருள் நிரம்பாது. சந்தை விரியும்போது தகுதியுடையவராகக் கொள்ளப்பெறுபவரே அது சுருங்கும்போது தகுதியற்றவர் ஆகின்றார். இடையில் அவரிடம் மாற்றம் எதுவும் நிகழ்ந்திராது. பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தை ஓர் இளைஞனின் குணக்குறையாகப் பெயர்த்துக் கூறுவது பொய்யுரை. பணித்திறன் பாடத்தின் முதற் பக்கத்திலேயே இப்பொய்யுரை இடம்பெறுமானால் அப்பாடம் எத்துணைப் பயனுடையதாயினும் அறத்தில் வழுவியதே ஆகும்.

3. கடமைப் பகிர்வு: தமிழ் மரபு

பொறுப்பைப் பகிர்ந்து காணும் முறை தமிழ்மரபில் உண்டு. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல் ஓர் இளைஞன் போர்க்களம் புகுவதற்கு முன் நிறைவேற வேண்டிய கடமைகளைத் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோரிடையே பகிர்ந்தளிக்கிறது. இளைஞனின் கடமை இறுதியிலேயே கூறப்படுகிறது. பிறர் தம் கடமையை முடித்த பின்னரே அவனிடம் வினைத்திறம் எதிர்பார்க்கப்பெறுகிறது. கருவி செய்து தரவேண்டியவன் கொல்லன். வேலின்றிக் களம்புக்கவன் தோற்றால் அத்தோல்வியில் கொல்லனுக்கும் பங்குண்டு என்பது பாடலின் அமைப்பிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

வேந்தன் கடனைக் கூறும் இடத்தில் 'நன்னடை' என்பது பெருவழக்கான பாடம். 'தண்ணடை' எனக் கொள்வாரும் உளர். முன்னதைக் கொண்டால் நல்லொழுக்கத்தில் பழக்குதல் அரசின் கடன் ஆகும். பின்னதைக் கொண்டால் மருதநிலத்து ஊரை, அதாவது வாழ்வுக்குரிய நிலைக்களத்தை நல்குதல் அதன் கடன் ஆகும். இற்றைநாள் நோக்கில் முன்னது பயிற்சி, பின்னது வாழ்வாதாரம். பயிற்சி அளித்ததோடு தன் கடமை முடிந்தது என்று அரசு கருதுமானால் அது ஒரு பாடத்தை மட்டும் கொண்டு மற்றதை விலக்கியதாகும். இளைஞனுக்கோ இரண்டும் வேண்டும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் இன்னும் தெளிவானது. மைசூர்ப் பகுதியை ஆண்ட கங்கர் மரபினனாகக் கருதப்பெறும் சீயகங்கன் வேண்டப் பவணந்தியார் இயற்றிய நூல் அது. நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, பாடம் சொல்லும் இயல்பு ஆகியவற்றைக் கூறிய பின்னரே மாணாக்கன் இயல்பும் பாடம் கேட்கும் இயல்பும் கூறப்படுகின்றன. மாணாக்கராதற்குத் தகாதார் யாவர் என்று பட்டியலிடும் பவணந்தியார், ஆசிரியராதற்குத் தகாதார் யாவர் என்பதையும் கூறுகிறார். பஞ்சடைத்த குடுவையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. கற்பதற்கும் பிறர்க்கு அளிப்பதற்கும் வல்லமையற்ற ஆசிரியனுக்கு அக்குடுவை உவமையாகிறது. தகுதி இருபுறமும் அளக்கப்பெற்றது என்பது இதனால் புலனாகிறது. இன்றோ கற்போரை அளக்கும் கருவிகள் பெருகிவிட்டன. பாடத்தையும் ஆசிரியரையும் நிறுவனத்தையும் அதே கூர்மையுடன் அளக்கும் கருவிகள் அருகியே உள்ளன.

4. தூய கல்வி என்னும் வாதம்

பணித்திறன் பாடமே வேண்டா என்று ஒதுக்கும் வாதமும் ஆய்வுக்குரியது. அறிவு தன்னளவில் மதிப்புடையது, அதனை ஊதியத்தால் அளத்தல் இழிவு என்பர் அவ்வாதத்தார். இக்கூற்றின் முற்பகுதி உண்மை. ஆனால் அறிவும் ஊழியமும் இருவேறு உலகங்கள் என்னும் உட்கிடையை வரலாறு ஏற்கவில்லை.

மைசூரே இதற்குச் சான்று. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழைத்தேய நூலகத்திற்கு ஓலைச்சுவடி ஒன்றை அளித்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடி கௌடலியரின் அருத்தசாத்திரம் என்று 1905ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் அந்நூலகத்தில் பணியாற்றிய சாம சாத்திரியார். 1909ஆம் ஆண்டு அதனை அச்சிட்ட அவர், 1915ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பையும் வெளியிட்டார். இந்திய அரசியற் சிந்தனை வரலாற்றை மாற்றியமைத்த கண்டுபிடிப்பு இது. அதனை நிகழ்த்தியவர் ஊதியம் பெற்ற நூலகப் பணியாளர். சுவடியைச் சிதையாமல் கையாளுதல், பழைய எழுத்தைப் பிழையின்றிப் படித்தல், பட்டியலிடுதல், ஒப்பிடுதல் ஆகியவை அவர்தம் பணித்திறன்கள். அத்திறன்கள் இல்லையெனில் அவ்வறிவும் இல்லை.

தூய கல்வி வாதத்தில் சமத்துவக் குறையும் உண்டு. அவையில் பேசும் பழக்கம், விண்ணப்பம் எழுதும் முறை, நேர்காணலில் கண்ணோக்கி விடையளிக்கும் துணிவு, ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறாமை ஆகியவற்றைச் சில குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே பெற்றுவிடுகின்றனர். அவர்களுக்கு அவை திறன்களாகவே தோன்றுவதில்லை, இயல்பாகத் தோன்றுகின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கு அவற்றைத் தரக்கூடிய இடம் வகுப்பறை ஒன்றே. அங்கும் அது மறுக்கப்பெறுமானால், பிறப்பால் வந்த உடைமை திறமை என்னும் பெயரில் பரிசு பெறும். ஆகவே பணித்திறன் கற்பித்தல் சலுகையன்று, நீதியின்பாற்பட்ட கடன். அக்கடன் அம்மாணவிக்கே பட்டது.

5. திறன் யாருடைய உடைமை?

கடன் மாணவருக்குப் பட்டது எனின் ஒரு வரையறை தானே பின்தொடர்கிறது. கற்பிக்கப்பெறும் திறன் அவருடைய உடைமையாக அவருடன் செல்வதாக இருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்கும், ஒரு தொழிலை விட்டு மற்றொன்றுக்கும், வேலையற்ற காலத்திற்கும்கூட அது துணையாதல் வேண்டும். ஐயம் எழுப்புதல், கருத்தைத் தெளிவுற எழுதுதல், எண்களைப் பொருளுணர்ந்து படித்தல், தன்னின் வேறுபட்டாரோடு கூடிப் பணியாற்றல் ஆகியன இத்தகையன. ஒரு நிறுவனத்தின் மென்பொருளையோ நடைமுறையையோ மட்டும் பழக்கும் பயிற்சி அந்நிறுவனத்துக்கே பயன்படுவது. அதன் செலவை ஏற்றலும் அந்நிறுவனத்துக்கே உரியது. மைசூருவில் தன் செலவில் பயிற்சி மையம் அமைத்த நிறுவனம் இவ்வகையில் முறையானதையே செய்தது. அதே பயிற்சியை மக்கள் வரிப்பணத்தில் பல்கலைக்கழகம் நடத்தவேண்டும் என்னும் கோரிக்கைதான் ஐயத்திற்குரியது.

இவ்வேறுபாட்டைத் தமிழகம் முன்னரே வேறொரு வடிவில் எதிர்கொண்டது. 1953ஆம் ஆண்டு இராசாசி தலைமையிலான சென்னை மாநில அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலும் திட்டத்தைக் கொணர்ந்தது. குலக்கல்வி என்று அதனை எதிர்த்தோர் கைத்தொழிலை இழிவாகக் கருதியவர் அல்லர். மகன் தந்தையின் தொழிலுக்கே உரியவன் என்னும் முடிவை அவனுக்காகப் பிறர் எடுப்பதையே எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பெற்றது. 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதே. எனினும் அங்கு நூற்றலும் நெய்தலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவு புகட்டும் வாயிலாகக் கருதப்பெற்றன. தொழிலைக் கற்பிப்பதில் தவறில்லை. அது கதவைத் திறக்கிறதா, தாழிடுகிறதா என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோல் இற்றைத் திட்டங்களுக்கும் பொருந்தும். தமிழக அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிகளில் திறன் பயிற்சிகளைப் பரவலாக்கியுள்ளது. கர்நாடகம் 2021–22 கல்வியாண்டில் தேசியக் கல்விக் கொள்கையின்படி பட்டப்படிப்பில் திறன் பாடங்களைப் புகுத்தி, 2024ஆம் ஆண்டில் மீண்டும் மூன்றாண்டுப் பட்ட முறைக்குத் திரும்பியது. கொள்கைகள் மாறும், மாறுதலும் இயல்பே. எக்கொள்கையாயினும் அதன் முடிவில் மாணவர் கையில் எஞ்சுவது யாது என்று கேட்பது ஆசிரியர் கடமை.

6. வினைத்தூய்மை

திறன் வேறு, திறனைப் பயன்படுத்தும் முறைமை வேறு. இதனை உணர்த்தும் வகையில் அமைந்தது திருக்குறள். பொருட்பாலில் அமைச்சு முதல் அவையஞ்சாமை வரையுள்ள பத்து அதிகாரங்களைப் பணித்திறன் நூல் என்றே கூறலாம். சொல்வன்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை, குறிப்பறிதல், அவையறிதல் என இன்றைய மென்திறன் பாடநூலின் தலைப்புகள் அனைத்திற்கும் அங்கு இணை உண்டு. வள்ளுவர் அவற்றை ஒருவனுக்குக் கீழ்ப் பணிபுரிவோனுக்கு, அதாவது அமைச்சனுக்கு உரியனவாகவே கூறுகிறார் என்பதும் கருதத்தக்கது.

பரிமேலழகர் வைப்புமுறையில் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. 67ஆம் அதிகாரம் வினைத்திட்பம். இவ்விரண்டிற்கும் இடையே 66ஆம் அதிகாரமாக நிற்பது வினைத்தூய்மை. பேசவல்லவன் செயலில் உறுதி கொள்வதற்கு முன் அச்செயல் செய்யத்தக்கதா என்று ஆராய வேண்டும் என்பது இவ்வைப்பால் பெறப்படுகிறது. பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தபோதும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்னும் கருத்தும் இவ்வதிகாரத்திலேயே இடம்பெற்றுள்ளது. வறுமை மனிதனை எவ்வளவு வளைக்கும் என்பதை வள்ளுவர் அறியாதவர் அல்லர். அறிந்தே, பிழைப்பின் நெருக்கடி மிகக் கடுமையாகும் இடத்தில் அவ்வினாவை நிறுத்துகிறார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டு வெளியிட்டு 2023ஆம் ஆண்டு திருத்திய வாழ்வியல் திறன் பாடத்திட்டத்தை இதனோடு ஒப்பிடலாம். கருத்துப் பரிமாற்றம், தொழில்முறைத் திறன், தலைமைப் பண்பு ஆகியவற்றோடு மனித விழுமியங்களும் அதில் தனியொரு பாடமாக இடம்பெற்றுள்ளன. விழுமியத்திற்கு இடமளித்தது பாராட்டுக்குரியது. எனினும் விழுமியம் தனிப் பாடமாக நிற்கும்போது மற்றப் பாடங்கள் அதனைப் பொருட்படுத்தாமலே நடைபெறக்கூடும். பேசக் கற்பிக்கும் வகுப்பில் பொய்யை நயம்படப் பேசுதல் தகுமா என்று கேட்கப்பெறாது. விழுமிய வகுப்பில் அது கேட்கப்பெறும்போது பேச்சுப் பயிற்சி முடிந்திருக்கும். வள்ளுவர் வைப்பில் தூய்மை திறன்களின் இடையே ஊடுபாவாக நிற்கிறது.

விலையுடைய பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு இல்லை என்று 1785ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் காண்டு வேறுபடுத்தினார். பணித்திறன் மட்டும் கற்றவர் தம் விலையை அறிவார். வினைத்தூய்மையும் கற்றவர் விலை பேசலாகாதது எது என்பதையும் அறிவார். இதனை வேண்டாமென்று கூறும் நிறுவனம் இருக்கலாம். கடன் மாணவருக்குப் பட்டதாகலின் அதன் விருப்பம் இங்கு முடிவன்று.

7. தமிழ்த்துறைகள் செய்யக்கூடுவன

தமிழ்த்துறைகளில் பணித்திறனைத் தனித் தாளாக வெளியிலிருந்து கொணர வேண்டுவதில்லை. துறையின் சொந்தப் பணிகளிலேயே அது பொதிந்துள்ளது. மைசூருவில் உள்ள இந்தியத் தொல்லியல் துறைக் கல்வெட்டுப் பிரிவில் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் பல்லாண்டுகள் காக்கப்பெற்றன. 2021ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்ற ஆணையிட்டது. மைப்படிகள் எங்கிருப்பினும் அவற்றைப் படிக்கவல்லார் வேண்டும். தேய்ந்த எழுத்தை ஊகிக்கும்போது 'இது உறுதி, இது ஊகம்' என்று பிரித்துக் குறிக்கும் பழக்கம் கல்வெட்டாய்வின் அடிப்படை. அதுவே எவ்வலுவலக அறிக்கைக்கும் வேண்டப்பெறும் நேர்மையுமாகும்.

மொழிபெயர்ப்பும் அத்தகையதே. தேசிய மொழிபெயர்ப்பு இயக்ககம் மைசூருவிலேயே இயங்குகிறது. மைசூரில் பிறந்து மகாராசா கல்லூரியில் பயின்ற ஏ.கே. இராமானுசன் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் புலமையால் சங்கப் பாடல்களை உலகறியச் செய்தார். அத்தகைய பன்மொழிச் சூழலில் வளரும் மாணவரிடம் மருந்துறையில் காணப்பெறும் கன்னடக் குறிப்பைத் தமிழாக்கும் பயிற்சி அளிக்கப்பெறுவதாகக் கொள்வோம். உணவுக்கு முன் என்பது உணவுக்குப் பின் என்று மாறினால் நோயாளிக்குத் தீங்கு நேரும். ஆகவே ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்க்க வேண்டும். ஐயத்தை மறைக்காமல் கேட்க வேண்டும். குறித்த காலத்தில் முடிக்க வேண்டும். முடியாதெனில் முன்னரே கூற வேண்டும். கூட்டுப்பணி, காலப்பேணல், கருத்துப் பரிமாற்றம் என்று திறன் பாடம் பட்டியலிடுவன அனைத்தும் இதில் அடங்கிவிடுகின்றன. அவற்றோடு வினைத்தூய்மையும் பிரிக்கமுடியாதவாறு கலந்துவிடுகிறது.

முடிவுரை

பணித்திறன் கற்பித்தல் உயர்கல்விக்கு அயலானது அன்று. அதனை மறுத்தல் வறியோர்க்கு இழைக்கும் அநீதியாகும். ஆயினும் அக்கடன் மாணவர்க்குப் பட்டது, நிறுவனத்துக்குப் பட்டதன்று. எனவே சந்தையின் குறையை மாணவர்மேல் ஏற்றுதல் கூடாது. கற்பிக்கும் திறன் அவர்தம் உடைமையாக அவருடன் செல்லவேண்டும். வினையைச் செய்யும் வன்மையோடு வினையை ஆராயும் தூய்மையும் சேர்ந்தே கற்பிக்கப்பெற வேண்டும்.

பட்டமளிப்பு விழாவில் பல்கலைக்கழகம் பட்டம் பெறுவோரிடம் உறுதிமொழி பெறுவதுண்டு. தானும் அவர்க்கு ஓர் உறுதி கூறவேண்டுமென்று கொண்டால், 'உன்னிடம் நாங்கள் எதிர்பார்த்தவற்றையெல்லாம் முன்னரே உனக்குக் கற்பித்தோம்' என்று தயக்கமின்றிக் கூற எத்துணைப் பல்கலைக்கழகங்களால் இயலும்? பணித்திறன் பற்றிய ஆய்வு, மாணவர் தகுதியை அளப்பதற்கு முன் இவ்வினாவிலிருந்து தொடங்குதல் நன்று.